எங்கள் வாசலுக்கு வராத பையன்

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை பழைய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கைதாகி வரும் சிறுவர்களை உள்ளே வைப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வதற்கு எங்களிடம் ஒரு மதிப்பெண் தாள் இருந்தது. அதை மாற்றி எழுதப் போவதாகவும், அந்த மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்தவர்கள் வந்து புதியவர்களிடம் பேச வேண்டும் என்றும் சொன்னார்கள். போனேன். பேசி முடித்ததும் ஓர் இளம்பெண் எழுந்து கேட்டாள். பழைய தாளில் நிறத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை, அப்படியானால் உள்ளே இருந்தவர்கள் ஏன் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளாகவும் லத்தீன் பிள்ளைகளாகவும் இருந்தார்கள் என்பது அவளுடைய கேள்வி. எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டதால் அங்கே சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் ஒரு கேஸ்தான். அதை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் எந்த மாவட்டம், எந்த ஊர் என்பதையும் சொல்லப்போவதில்லை.

நான் கரூர்க்காரன். மதுரையில் சமூகப்பணி படித்தவன். மனைவிக்கு சான் ஹோசேயில் வேலை கிடைத்தபோது அவளுடைய விசாவில் கூட வந்தேன். க்ரீன் கார்டு வரும்வரை எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. சமைத்தேன், மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன், நூலகத்தில் படித்தேன். கார்டு கைக்கு வந்து, குடியுரிமையும் ஆனபின், சிறுவர் காவல் இல்லத்தில் பிள்ளைகளைக் கவனிக்கும் கவுன்சிலராகச் சேர்ந்தேன். ஜுவனைல் ஹால் என்பார்கள். அங்கிருந்து தேர்வு எழுதி ப்ரொபேஷன் ஆபீசரானேன். நம்மூரில் நன்னடத்தை அலுவலர் என்கிற அதே பதவிதான். நாங்கள் குடியிருந்த ஃப்ரீமான்ட்டில் எங்கள் தமிழ் நண்பர்களுக்கு இந்த வேலை கடைசிவரை பிடிபடவில்லை. "பசங்க கேட்டா கவர்ன்மென்ட் ஜாப்னு மட்டும் சொல்லிடுங்கண்ணா" என்று ஒரு பிறந்தநாள் விருந்தில் வீட்டுக்காரப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டாள்.

ஹாலில் சேர்ந்த முதல் வாரம் நினைவில் இருக்கிறது. காலை உணவுக்குப் பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் வரிசையாக வருவார்கள். நம் ஆட்களின் பிள்ளை ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளை எப்போதாவது ஒன்று இருக்கும். அதே வாரம் எங்கள் நண்பர் ஒருவரின் மகனுடைய பள்ளிப் பையில் யாருடைய மருந்துச் சீட்டிலோ வாங்கிய மாத்திரைகள் இருந்தன. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார்கள், பெற்றோர் போனார்கள், பையனை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள், அதோடு முடிந்தது. அது சரியான முடிவுதான். என் பிரிவில் ஏறக்குறைய அதே மாத்திரைக்காக ஒருவன் உள்ளே இருந்தான் என்பதால்தான் அது என் மனதில் தங்கிவிட்டது.

ப்ரொபேஷன் பிரிவில் எனக்கு மேலதிகாரி லொரெய்ன். கறுப்பினப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், எங்கள் வரவேற்பு மேசையில் தொடங்கி மேலே வந்தவர். குரலை உயர்த்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். நாங்கள் எழுதிய அறிக்கையை அவர் வாங்கிப் படிப்பதில்லை. எதிரே நின்று நாங்களே வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் வரும்: "யார் சொன்னது?" பையனுக்கு வருத்தமே இல்லை என்று எழுதியிருந்தால், யார் சொன்னது? குடும்பத்தில் கண்காணிப்பு போதாது என்றால், யார் சொன்னது? போலீஸ் சொன்னதா, அம்மா சொன்னதா, நீ நினைத்துக்கொண்டதா? பதில் இல்லாத வாக்கியத்தை அங்கேயே அடித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் அடித்துப் பாதிப் பக்கமே மிஞ்சிய அறிக்கைகளும் உண்டு.

ஒருநாள் பல ஆபீசர்கள் எழுதிய அறிக்கைகளிலிருந்து பெயர், முகவரி, பள்ளி எல்லாவற்றையும் மறைத்து நகலெடுத்து மேசையில் பரப்பினார். எல்லாமே கடையில் பொருள் திருடிய கேஸ்கள். பையன் எந்த இனம் என்று ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எழுதச் சொன்னார். சிலவற்றில் "நண்பர்களின் தூண்டுதலால் தவறான முடிவெடுத்தான்" என்றிருந்தது. சிலவற்றில் "பிறர் உடைமையை மதிக்காத போக்கு உள்ளவன்" என்றிருந்தது. வார்த்தைகளை மட்டும் வைத்து நாங்கள் ஊகித்த இனங்கள் அநேகமாகச் சரியாகவே இருந்தன. லொரெய்ன் தாள்களைச் சேர்த்து உறையில் போட்டுக்கொண்டு மதிய உணவுக்குப் போய்விட்டார்.

இனி அந்தக் கேஸ்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். போலீஸ் கார் உள்ளே வந்தால் பின்கதவு மூடும், அதன் பிறகுதான் முன்கதவு திறக்கும். போலீஸ்காரர் துப்பாக்கியைச் சுவர்ப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பையனை இறக்குவார். எங்கள் மேசைக்கு எதிரே விலங்கைக் கழற்றுவார். பெல்ட், ஷூ கயிறு, போன் எல்லாம் ஒரு பையில் போகும். நர்ஸ் பார்ப்பார். பிறகு பையன் என்னெதிரே உட்காருவான்.

வந்தவன் பெயர் டேரியஸ். பதினைந்து வயது, ஒல்லி, கறுப்பினப் பையன், பள்ளியின் தொலைதூர ஓட்ட அணியில் இருப்பவன். நல்ல குளிர்நாள், ஆனால் மேலே பனியன் மட்டும்தான் போட்டிருந்தான். சட்டை எங்கே என்று கேட்டேன்.

"அந்தப் பையன்கிட்ட இருக்கு" என்றான். யாரிடம் என்பதை நான் அப்போது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

கைதுத் தாள் ஒரே பக்கம். கடைகளுக்குப் பின்னால் உள்ள கார் நிறுத்துமிடத்தில், இரண்டு பையன்கள் சேர்ந்து, இன்னொரு பையனைக் கீழே தள்ளி அவனுடைய மின்சார ஸ்கூட்டரைப் பிடுங்கினார்கள். பாதிக்கப்பட்டவனுக்குத் தாடையில் காயம். குற்றம், கொள்ளை. கடைசி வரி: கூட இருந்தவன் சம்பவ இடத்திலேயே தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டான்.

மதிப்பெண் போட்டேன். பலவந்தமாகப் பிடுங்கினால் கலிஃபோர்னியாவில் அது கொள்ளை. பிடுங்கியது ஸ்கூட்டரானாலும் மதிப்பெண் அதேதான், அதுவே உள்ளே வைக்கும் எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். முன்பு போலீஸ் பதிவு உண்டா? உண்டு. நடுநிலைப்பள்ளியில் படித்தபோது வகுப்பில் ஏதோ தகராறு, பள்ளியிலேயே ஒரு போலீஸ்காரர் இருந்ததால் அவர் சீட்டெழுதியிருந்தார். அதற்கொரு புள்ளி. பொறுப்பேற்கப் பெற்றோர் கிடைக்கிறார்களா? அவன் அம்மா டெனிஸ் டயாலிசிஸ் மையத்தில் வேலை பார்ப்பவர், நோயாளிகளை இயந்திரத்தில் இணைத்திருக்கும்போது போனை எடுக்க முடியாது. போலீஸ் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அதற்கொரு புள்ளி. கூட்டினால் உள்ளே வை என்று வந்தது. பதில்களில் எதுவும் பொய்யில்லை, கேள்விகளில் எதிலும் நிறமும் இல்லை.

தாள் சொல்வதை மீறி அனுப்ப வேண்டுமானால் மேலதிகாரி கையெழுத்திட வேண்டும். ஓவர்ரைடு என்போம். லொரெய்னிடம் போய் நின்று படித்தேன். ஸ்கூட்டர் வெறும் விளையாட்டு என்று நான் எழுதியிருந்ததை யார் சொன்னது என்றார். அடித்தேன். நல்ல குடும்பம் என்றிருந்தது. யார் சொன்னது? அதையும் அடித்தேன்.

"இந்தப் பையனை உனக்குப் பிடித்துவிட்டது" என்றார். "பிடித்ததற்காக நான் கையெழுத்துப் போட்டால், நாளைக்குப் பக்கத்து மேசைக்காரன் பிடிக்காத பையனை உள்ளே வைக்கக் கையெழுத்து கேட்பான். அந்தக் கையெழுத்துகள் எந்தப் பிள்ளைகள் மேல் விழும் என்று எனக்குத் தெரியும். விஷயம் கொண்டு வா."

மேசைக்குத் திரும்பினேன். டயாலிசிஸ் மையத்தின் பொது எண்ணைத் தேடிப் பிடித்து, தலைமை நர்ஸிடம் சொல்லி டெனிஸை லைனுக்கு வரவழைத்தேன். எனக்குப் பதில் ஓர் ஆளைக் கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் வருகிறேன் என்றார். அடுத்து ஸ்கூட்டர்காரப் பையனின் வீடு. ஜோயல் என்று பெயர், ஃபிலிப்பினோ குடும்பம். தாடையில் தையல் போட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மாவின் அனுமதியோடு, அவர் கேட்டுக்கொண்டிருக்க, அவனிடம் பேசினேன். யார் தள்ளியது?

"உயரமான இந்தியப் பையன்" என்றான். "ஒரு ரவுண்டு கொடு என்று கேட்டான், மாட்டேன் என்றேன், இழுத்துத் தள்ளினான். மற்றவன் ஸ்கூட்டரில் ஏறி ஒரு சுற்று போனான். என் ரத்தத்தைப் பார்த்ததும் திரும்பி வந்து சட்டையைக் கழற்றித் தாடையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். போலீஸ் வந்தபோதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்."

இதைப் போலீஸிடம் சொன்னாயா என்றேன். சொன்னேன் என்றான். அவன் அம்மா குறுக்கிட்டு, அந்தச் சட்டை எங்களிடம்தான் இருக்கிறது, துவைத்துப் போட்டிருக்கிறேன் என்றார்.

லொரெய்னிடம் மறுபடி படித்தேன். இந்தமுறை எந்த வாக்கியத்திலும் நிறுத்தவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். ஆனால் கொள்ளைக் கேஸ் என்றால் அவருக்கு மேலே பிரிவுத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். அவரைப் போனில் பிடித்தோம். பொறுமையாகக் கேட்டார். திங்கட்கிழமை நீதிபதி பார்க்கட்டும், கொள்ளை என்று வந்தபின் நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்றார். கெட்ட மனிதரில்லை. அவர் வெளியே அனுப்பிய பையன் ஒருவன் முன்பொருமுறை இன்னொருவனைக் கத்தியால் குத்தியிருக்கிறான். அதிலிருந்து யாருக்காகவும் அவர் முந்திக்கொள்வதில்லை.

டெனிஸ் வேலைச் சீருடையிலேயே வந்துவிட்டார். அழைத்துப்போக வந்தவரிடம் பையனைத் தர முடியாது என்று நான்தான் சொன்னேன். அவர் கத்தவில்லை. மறுநாள் அவனுக்கு மாவட்ட அளவில் ஓட்டப்போட்டி என்றார். பிறகு, இன்னொரு பையனும் இங்கேதானே இருக்கிறான், இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் பயப்படாமல் இருப்பார்கள் என்றார். அந்தப் பையனை இங்கே கொண்டுவரவில்லை என்றேன்.  அவன் அப்பா வந்து அழைத்துப் போனார் என்று சொல்லி முடித்தேன்.

திங்கள் காலை முழுப் போலீஸ் அறிக்கை வந்தது. கூட இருந்தவனின் பெயர் அதில் இருந்தது. பிரணவ். எங்களுக்குத் தெரிந்த பிரணவ்தான். அவன் அப்பா செந்தில் ஈரோட்டுக்காரர், பெரிய கம்பெனியில் மேனேஜர். அம்மா கவிதா என் மனைவியின் தோழி. ஃப்ரீமான்ட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவனை வாரம் தவறாமல் அழைத்து வந்தவர்கள். அவனுடைய எழுத்துத் தேர்வுத் தாள்களை நான் திருத்தியிருக்கிறேன்.

நேராக லொரெய்னிடம் போய்ச் சொன்னேன். அவர் கோப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இந்த நிமிடத்திலிருந்து இது உன்னுடையதில்லை. அவர்களிடம் பேசாதே. இதைப் பற்றி என்னிடமும் பேசாதே" என்றார். விதி அதுதான்.

அன்று மாலையே செந்தில் போன் செய்தார்.

"அண்ணா, ஒரு சின்ன விஷயங்க. பிரணவ் ஒரு எடத்துல சும்மா நின்னுட்டு இருந்தான். போலீஸ் பேர எழுதிட்டாங்க போல. இந்த வருஷம் காலேஜ் அப்ளை பண்றான். உங்க ஆபீஸ்தானே, அவன் பேர் எதுலயும் வராம பாத்துக்கங்க."

"செந்தில், இதப் பத்தி நான் உங்ககிட்ட பேசவே கூடாது. எனக்குத் தெரிஞ்ச பையன்னு சொல்லி அந்த கேஸ்ல இருந்து வெளிய வந்துட்டேன். நீங்க ஒரு வக்கீலப் பாருங்க."

"வக்கீலா? அவன் என்னங்கண்ணா பண்ணினான்?"

வக்கீலிடமே கேளுங்கள் என்றேன்.  கடைசியில், "நம்ம ஆள் ஒருத்தர் உள்ள இருக்காருன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் வக்கீலைப் பார்த்தார். பையன் வாய் திறக்க வேண்டாம் என்று வக்கீல் சொன்னார். சட்டப்படி அது சரியான யோசனை.

சிறுவர் நீதிமன்றத்துக்குள் வெளியாள் போக முடியாது. கேஸை விட்டுவிட்டதால் நானும் வெளியாள்தான். அந்தத் திங்களன்று உள்ளே நடந்தது கேஸ் முடிந்தபின் எனக்குத் தெரிய வந்தது. லொரெய்ன் தானே அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒரு வரி: தன்னைத் தள்ளியதாகப் பாதிக்கப்பட்டவர் கூறும் மற்றச் சிறுவன் சம்பவ இடத்திலேயே தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டான், அவனைக் குறித்து இந்தத் துறைக்கு எந்தப் பரிந்துரையும் வரவில்லை. நீதிபதி அந்த வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, அரசு வழக்கறிஞரைப் பார்த்து, மற்றவன் எங்கே என்று கேட்டாராம். தகவல் இல்லை என்றார் வழக்கறிஞர். டேரியஸை அன்றே வீட்டுக்கு அனுப்ப உத்தரவானது. குற்றச்சாட்டு அப்படியே நின்றது. வேண்டுமானால் மற்றவன்மேலும் இதே கொள்ளை வழக்கைப் போடுகிறோம் என்று அரசுத் தரப்பு சொன்னது. இரண்டு பேரையும் சமமாக நடத்துவதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி அது.

டேரியஸின் பொருட்களை வாங்க டெனிஸ் எங்கள் மேசைக்கு வந்தார். பையைக் கொடுத்தேன், கையெழுத்து வாங்கினேன். அவர் பெல்ட்டைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தபடியே பேசினார்.

"அந்தப் பையனையும் இங்கே கொண்டுவரப் போகிறார்களாம். என்னிடம் நல்ல செய்தி மாதிரி சொல்கிறார்கள். அவனை இங்கே கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. அவனை அனுப்பிய மாதிரி என் பையனையும் அனுப்பியிருக்கலாம் என்றுதான் சொன்னேன்."

எனக்கு அந்தக் கேஸைப் பற்றிப் பேச அனுமதி இல்லை. இதே வார்த்தைகளை உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்றார்.

அவர் சொன்னதை டேரியஸுக்காக அரசுச் செலவில் வாதாடிய வழக்கறிஞர் பிடித்துக்கொண்டார். வழக்கை நடத்தாமல், இரண்டு பையன்களும் ஜோயலின் குடும்பத்தை நேரில் சந்தித்துப் பேசட்டும், ஜோயல் திருப்தி என்று சொன்னால் கேஸைக் கைவிடலாம் என்று கேட்டார். ஜோயலின் பெற்றோர் ஒத்துக்கொண்டார்கள். அங்கே பேசுவது எதையும் வழக்குக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசுத் தரப்பு எழுத்தில் கொடுத்தது. அப்போதும் செந்தில் மகனை அனுப்பச் சம்மதிக்கவில்லை. பிரணவ் வராவிட்டால் அவன்மேல் வழக்கு வரலாம், வராமலும் போகலாம். டேரியஸின் வழக்கு மட்டும் நிச்சயம் நடக்கும்.

கவிதா மகனை அழைத்துப் போனார். கணவரிடம் சொல்லிவிட்டே போனார். பல மாதங்களுக்குப் பிறகு மௌரி அவென்யூவில் மளிகைக்கடை வாசலில் என்னையும் என் மனைவியையும் நிறுத்தி, அந்தச் சந்திப்பில் நடந்ததை அவரே சொன்னார்.

"நூலகத்துல ஒரு ரூம். வட்டமா சேர் போட்டிருந்தாங்க. அந்த ஜோயல் பையன் பிரணவ்கிட்ட தள்ளினதப் பத்தி ஒண்ணுமே கேக்கலீங்கண்ணா. போலீஸ் டேரியஸ் கையில விலங்கு மாட்டினப்ப நீ ஏன் ஒண்ணும் சொல்லலன்னு கேட்டான்."

பிரணவ் என்ன சொன்னான் என்று என் மனைவி கேட்டாள்.

"நான் அதுக்குள்ள கார்ல ஏறிட்டேன், அப்பா ஹீட்டர் போட்டுட்டாருன்னான். இங்கிலீஷ்லதான். அதுக்கு மேல அவனால பேச முடியல. டேரியஸோட அம்மா எந்திரிச்சு அவனுக்குத் தண்ணி குடுத்தாங்க. நான் உக்காந்தே இருந்தேன்."

கேஸ் கைவிடப்பட்டது. செந்தில் அதன்பின் என்னோடு பேசவில்லை. பொது நிகழ்ச்சிகளில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். பிரணவ் அவன் விரும்பிய கல்லூரியிலேயே சேர்ந்தான். அவன் பெயரில் எங்கும் ஒரு கோப்பும் இல்லை. எங்கள் மேசைக்கு வராதவனுக்கு எங்களிடம் காகிதம் இருக்காது.

டேரியஸ் பதினெட்டு முடிந்ததும் ஒரு முற்பகலில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். தோள் அகன்றிருந்தான். தீயணைப்புத் துறையின் அவசர மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறானாம். தன்னுடைய பழைய பதிவுகள் எல்லா இடத்திலும் யாரும் பார்க்க முடியாதபடி மூடி முத்திரையிடப்பட்டுவிட்டனவா என்று கேட்டான். கேஸ் எப்போதோ முடிந்துவிட்டதால் நான் பார்த்துச் சொல்லத் தடையில்லை. நீதிமன்றத்தில் மூடியிருந்தார்கள். நகரப் போலீஸிடமிருந்து மட்டும் உறுதிக் கடிதம் வரவில்லை. போன் செய்து விசாரித்து, அதுவும் முடிந்தது என்று எழுத்தில் வாங்கிக் கொடுத்தேன். அவன் காத்திருந்தான்.

தாளைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்தான்.

"இனிமேல் யாராவது நீ எப்போதாவது கைதாகியிருக்கிறாயா என்று கேட்டால்?"

"இல்லை என்று சொல்லலாம். சட்டப்படி அது நடக்கவே இல்லை."

"நான் பொய் சொன்னதாக ஆகாதா?"

"ஆகாது."



"நடக்கவில்லை என்று அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்" என்றான். "அந்தச் சனிக்கிழமை காலையில் மற்றவர்கள் போட்டியில் ஓடியபோது நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, பொதுமக்கள் வரும் முன்வாசல் வழியாக வெளியே போனான்.